ஓரினோக்கோவில் ஒரு மழைக்காலம்

யூபிலி மலர் என்றால் அதில் வரலாற்றுக் கட்டுரை ஒன்று இருந்தே தீர வேண்டும் என்பது நம் பங்குகளில் எழுதாத சட்டம். நமது பங்கின் வரலாற்றை என்னைவிட நன்கு அறிந்த பெரியவர்கள் இம்மலரிலேயே எழுதியுள்ளனர். எனக்கு மலர்க் குழுவினர் ஒதுக்கிய பொருள் வேறு. "அந்தக் காலத்துக் குருக்கள் மழையிலும் வெள்ளத்திலும் எப்படிப் பயணம் செய்தார்கள் என்று எழுதுங்கள் சாமி" என்றார்கள். மறவ நாட்டில் அருளானந்தர் நடந்த நடையும், கண்டிக் காடுகளில் யோசேப் வாஸ் முனிவர் அலைந்த அலைச்சலும் நீங்கள் பலமுறை பிரசங்கங்களில் கேட்டவை. ஆகவே சற்றே தொலைவுக்கு, தென் அமெரிக்காவில் ஓடும் ஓரினோக்கோ நதிக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். நமது கன்னியாகுமரி எந்த அட்சரேகையில் இருக்கிறதோ, ஏறத்தாழ அதே ரேகையில்தான் அந்நதிக்கரையில் அங்கோஸ்தூரா என்னும் ஊரும் இருக்கிறது. இன்று அதற்கு சியுதாத் பொலிவார் என்று பெயர். வெயிலும் மழையும் நமக்குப் பழக்கமானவையே. காடும் ஆறும்தான் வேறு.

நமக்கு மழைக்காலம் என்றால் வழி அடைபடும் காலம். ஐப்பசி அடைமழையில் ஓடை பெருகினால் அக்கரைக்காரர் அக்கரையிலும் இக்கரைக்காரர் இக்கரையிலும் நிற்க வேண்டியதுதான். மேல் ஓரினோக்கோவிலோ அக்காலத்தில் சாலை என்ற ஒன்றே கிடையாது. ஆறுதான் சாலை, கிளையாறுதான் தெரு, ஓடைதான் சந்து. பங்குனியில் வற்றிக் கிடக்கும் நதி சித்திரையில் ஏறத் தொடங்கி ஆவணி வரை ஏறிக்கொண்டே போகும். கீழ்நதியில் கோடைக்கும் மழைக்கும் இடையே நீர்மட்டம் பத்து மீட்டருக்கும் அதிகமாக வேறுபடும். மூன்று மாடிக் கட்டடம் ஒன்று முழுகும் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் காட்டுக்குள் வெகுதூரம் பரவி நிற்க, மரங்களுக்கு நடுவே வள்ளம் போகும். கோடையில் பாறை தட்டும் ஓடைகூட மழையில் வழியாகிவிடும். ஆனால் எதிர்வெள்ளத்தில் துடுப்புப் போடுகிறவனின் முதுகு ஒடியும். இரவில் கால் நீட்ட ஒரு முழம் காய்ந்த தரை அகப்படாது. அடுப்பு மூட்ட உலர்ந்த சுள்ளி அகப்படாது.

இந்த நதிக்கரைகளில் பதினெட்டாம் நூற்றாண்டில் இயேசு சபைக் குருக்கள் ஊர்களை ஏற்படுத்தினார்கள். அவர்களில் பெயர் பெற்றவர் ஹோசே குமில்லா சுவாமி. நீண்ட காலம் அந்நதியோரத்தில் உழைத்தவர். அந்நாட்டின் மரம், மீன், பாம்பு, மக்கள் எல்லாவற்றையும் பற்றி 1741-ல் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். அதில் ஒரு செய்தியை அடித்துச் சொன்னார்: ஓரினோக்கோவுக்கும் அமேசானுக்கும் நீர்வழித் தொடர்பு இல்லை. ஐரோப்பிய அறிஞர் பலரும் அப்படித்தான் நம்பினர். இரு பெரும் நதிகள், இடையில் இயற்கையான கால்வாய், அதுவும் ஒரு நதி தன் தண்ணீரின் ஒரு பகுதியை மற்ற நதிக்குக் கொடுப்பதாவது!

நூல் வந்த மூன்றாம் ஆண்டே, 1744-ல், குமில்லாவின் சபையைச் சேர்ந்த மனுவேல் ரொமான் சுவாமி நதியின் மேற்பகுதிக்குச் சென்றபோது எதிரே போர்த்துக்கீசியர் சிலரைச் சந்தித்தார். அவர்கள் அமேசான் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மலை ஏறாமல், நிலத்தில் இறங்காமல், வள்ளத்திலேயே வந்ததாகச் சொன்னார்கள். ரொமான் சுவாமி அவர்களோடு அவ்வழியே ரியோ நெக்ரோ நதி வரை போய்த் தம் கண்ணால் கண்டு திரும்பினார். அந்த வழிதான் காசிக்கியாரே. முந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள இயற்கைக் கால்வாய். அந்தப் போர்த்துக்கீசியர் எதற்காக அங்கே வந்தார்கள் என்றால், ஆள் பிடிக்க. பூர்வகுடிகளை அடிமைகளாக வாங்கவும் கடத்தவும் வந்தவர்களே நமக்கு அந்த வழியைக் காட்டினார்கள். அப்பூர்வகுடிகளுக்கோ அது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த வழி. அவர்களை யாரும் கேட்கவில்லை.

லா கொண்டமின் என்னும் பிரெஞ்சு அறிஞர் இச்செய்தியை 1745-ல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் எடுத்துரைத்தார். ஆயினும் நம்பாதவர் நம்பவில்லை. 1798-லும் பியூஆஷ் என்னும் புகழ்பெற்ற நிலப்பட அறிஞர் அத்தகைய தொடர்பு இயற்கைக்கு மாறானது என்று தம் படத்தில் குறித்தார். இதற்கிடையில் 1767-ல் ஸ்பெயின் மன்னர் இயேசு சபையாரைத் தம் நாடுகள் அனைத்திலிருந்தும் வெளியேற்றிவிட்டார். 1773-ல் சபையே கலைக்கப்பட்டது. அந்த ஆணையால் நம் மதுரை மிஷனும் அனாதையானதை நீங்கள் அறிவீர்கள். ஓரினோக்கோ ஊர்கள் பிரான்சிஸ்கன் சபையாரின் பொறுப்புக்கு வந்தன. ஆள் போதாது, பணம் போதாது. அத்தூரெஸ் என்ற ஊரில் முன்பு முந்நூறுக்கு மேல் இருந்த மக்கள் 1800-ல் ஐம்பதுக்கும் குறைவாகிவிட்டார்கள்.

இந்நிலையில்தான் 1799 ஜூலையில் இரண்டு ஐரோப்பியர் தென் அமெரிக்கக் கரையில் வந்து இறங்கினர். ஒருவர் ஜெர்மானியரான அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. மற்றவர் எமே போன்ப்ளான் என்னும் பிரெஞ்சுத் தாவர அறிஞர். ஸ்பெயின் மன்னரின் அனுமதிச் சீட்டு கையில் இருந்தது. காசிக்கியாரே கால்வாயை அளந்து, அது எந்த அட்சரேகையில், எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்று குறித்துவிட வேண்டும் என்பது ஹம்போல்ட்டின் நோக்கம். 1800 மார்ச் 30-ம் நாள் அப்பூரே என்ற கிளையாற்றில் வள்ளம் ஏறினார்கள். கோடை முடியும் தறுவாய். அவர்கள் மேலே போகப் போக மழைக்காலமும் அவர்களை எதிர்கொண்டு வந்தது.

வழியில் அவர்களோடு சேர்ந்துகொண்டவர் பெர்னார்தோ ஸேயா சுவாமி. அத்தூரெஸ், மைப்பூரெஸ் என்னும் பெரும் நீர்வீழ்ச்சிகளை ஒட்டிய இரண்டு ஊர்களுக்கும் அவரே பங்குக் குரு. முறைக்காய்ச்சல் அவரை விட்டதே இல்லை. ஆனாலும் விருந்தாளிகளை எல்லை வரை தாமே அழைத்துச் செல்வதாகச் சொல்லிப் புறப்பட்டுவிட்டார். அவர் தேடித் தந்த வள்ளம் நாற்பது அடி நீளம், மூன்று அடி அகலம். ஒரே மரத்தைக் குடைந்து செய்தது. பின்பக்கம் இலைவேய்ந்த ஒரு சிறு கூரை. அதன்கீழ் படுக்கலாம், அல்லது கூனிக்கொண்டு உட்காரலாம், நிமிர முடியாது. அதிலேயே மனிதர், அளவைக் கருவிகள், உலர்த்திய செடிகள், வழியில் வாங்கிய குரங்குகள், கூண்டில் கிளிகள். நம் ஊர்ப் பேருந்தில் திருவிழாக் கூட்டத்தில் போனவர்களுக்கு ஓரளவு புரியும்.

துடுப்புப் போட வேண்டியவர்கள் பூர்வகுடி மக்கள். அவர்களுக்கு இந்தப் பயணத்தில் விருப்பம் இல்லை. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பது தெரியாமல் மழைக்காலத்தில் வீட்டை விட்டுப் போக யாருக்குத்தான் மனம் வரும்? ஓடிப்போகாதபடி இருவரை இரவு முழுவதும் தொழுமரத்தில் பூட்டி வைத்தார்கள். புறப்படும் காலையில் மறுத்த ஓர் இளைஞனைத் தோல் வாரால் அடித்தார்கள். அவன் அலறலைக் கேட்டுத்தான் ஹம்போல்ட் கண் விழித்தார். இப்படிச் செய்யாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் நடக்காது என்று அவருக்குச் சமாதானம் சொல்லப்பட்டது. பிலிப்பி நகரில் பவுலடியாரையும் சீலாவையும் தொழுமரத்தில் மாட்டிய செய்தியைத் திருத்தூதர் பணியில் நாம் வாசிக்கிறோம். அந்த மரத்தின் சாவி இங்கே யார் கையில் இருந்தது என்பதை எண்ணும்போது எனக்கு எழுதக் கை தயங்குகிறது. ஆனால் எழுதித்தான் ஆக வேண்டும்.

கொசுவைப் பற்றிச் சொல்லாமல் ஓரினோக்கோவைப் பற்றிச் சொல்ல முடியாது. பகலில் ஒரு வகை, அந்தியில் ஒரு வகை, இரவில் ஒரு வகை என்று முறை வைத்துக் காவல் மாறுவது போல வரும். அங்கே காலையில் ஒருவரை ஒருவர் சந்தித்தால், இரவு கொசு எப்படி இருந்தது என்பதுதான் முதல் விசாரிப்பு. காசிக்கியாரே கரையில் இருபது ஆண்டு பணிபுரிந்த முதிய குரு ஒருவர் தமக்கு இருபது ஆண்டுக் கொசு ஆயிற்று என்று கணக்குச் சொன்னாராம். ஸேயா சுவாமி ஒரு தந்திரம் கண்டிருந்தார். கொசுக்கூட்டம் தரையை ஒட்டியே அதிகம், மேலே போகப் போகக் குறைவு என்று கவனித்து, மைப்பூரெஸ் கோவிலுக்கு அருகே பனையினத்து மரத்தண்டுகளை நட்டு, பரண் போல ஒரு சிறு அறை கட்டியிருந்தார். மாலையில் விருந்தாளிகளும் ஏணி வைத்து ஏறி அங்கேதான் நாட்குறிப்பு எழுதினார்கள். கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் உள்ள உறவை ரொனால்டு ராஸ் நம் செக்கந்திராபாத்தில் கண்டறிந்தது 1897-ல். அதற்கு நூறு ஆண்டுக்கு முன்பே ஒரு சாமானியக் குரு பரண் ஏறிவிட்டார், காரணம் தெரியாமலே!

ஏப்ரல் 24 இரவில் சான் பெர்னாந்தோ என்னும் ஊரை அடைந்தார்கள். அங்கே குவாவியாரே, அத்தாபாப்போ என்னும் ஆறுகள் ஓரினோக்கோவோடு கூடுகின்றன. அத்தாபாப்போ கருநீர் ஆறு. கைநிறைய அள்ளினால் கடுங்காப்பி நிறம், ஆனால் தெளிவு. அதிசயம் என்னவென்றால் அந்த ஆற்றில் கொசு இல்லை. இரண்டு நாள் தங்கிவிட்டு அதில் மேல்நோக்கிச் சென்றபோது கரையோரம் ஒரு கருங்கல் பாறையைப் படகோட்டிகள் காட்டினார்கள். அதன் பெயர் 'குவாஹிபோப் பெண்ணின் பாறை'. 'தாயின் பாறை' என்றும் சொன்னார்கள். குவாஹிபோ என்பது அந்நாட்டுக் குடிகளில் ஒன்று. மனித நடமாட்டமே இல்லாத இடத்தில் பாறைக்கு ஏன் தாய் என்று பெயர்? ஹம்போல்ட் விசாரித்தார். அவருக்குக் கிடைத்த விடையைச் சொல்லுமுன், அந்தப் பாறைக்கு அப்பால் காடு எப்படி இருந்தது என்பதை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

அத்தாபாப்போவிலிருந்து தேமி என்னும் சிற்றாறு பிரிகிறது. மழை பிடித்துக்கொண்டதால் தேமி கரை புரண்டு காட்டுக்குள் புகுந்திருந்தது. வளைந்து வளைந்து போகும் ஆற்றை விட்டுவிட்டுப் படகோட்டிகள் நேரே காட்டுக்குள் வள்ளத்தைச் செலுத்தினார்கள். ஒருவன் முன்னே நின்று கத்தியால் கிளைகளை வெட்டிக்கொண்டே போவான். அப்படிப் போகும்போது மரங்களுக்கு நடுவே திடீரென்று மூச்சு விடும் ஓசையும் நீர் பீச்சும் ஓசையும் கேட்கும். பார்த்தால் ஓங்கில்கள்! கடலில் நம் மீனவர் காணும் ஓங்கிலின் நன்னீர் உறவினம், வெள்ளத்தோடு காட்டுக்குள் வந்து மரத்தடிகளில் நீந்திக்கொண்டிருந்தது. மே முதல் நாள் யாவிட்டா என்னும் ஊரை அடைந்தார்கள். நான்கைந்து மாதம் விடாமல் மழை பெய்வதை அடிக்கடி பார்த்திருக்கிறேன் என்றார் அவ்வூர்க் குரு. சூரியன் நாள் கணக்கில் சில நிமிடங்களே முகம் காட்டும்.

சான் பெர்னாந்தோவுக்கும் யாவிட்டாவுக்கும் நேர்கோட்டில் 25 லீக் தூரம். நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆற்று வழியன்றி வேறு வழியில் எவரும் போனதில்லை. ஆண்மக்களில் மிகத் துணிந்தவனும் தரை வழியாக முயன்றதில்லை.

இனி அந்தத் தாயின் கதை. 1797-ல் சான் பெர்னாந்தோவின் குரு, ஞானஸ்நானம் பெற்ற பூர்வகுடிகளைக் கூட்டிக்கொண்டு குவாவியாரே ஆற்றின் கரைக்கு வந்தார். எதற்கு? காட்டில் வாழ்ந்தவர்களைப் பிடித்துவந்து ஊரில் குடியேற்ற. ஒரு குடிசையில் குவாஹிபோப் பெண் ஒருத்தி மரவள்ளிக் கிழங்கு மாவு தயாரித்துக்கொண்டிருந்தாள். உடன் மூன்று பிள்ளைகள். இருவர் மிகச் சிறியவர்கள். தகப்பன் மீன் பிடிக்கப் போயிருந்தான். அவள் பிள்ளைகளோடு ஓடிப் பார்த்தாள். ஓடிய வேகம் போதவில்லை. தாயையும் பிள்ளைகளையும் கட்டி ஆற்றங்கரைக்கு இழுத்து வந்தார்கள். குருவானவர் வள்ளத்தில் அமர்ந்து காத்திருந்தார்.

சான் பெர்னாந்தோவிலிருந்து அவள் வீட்டுக்குத் தரை வழி கிடையாது என்றே எல்லாரும் நினைத்தார்கள். அவளோ பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மீண்டும் மீண்டும் ஓடினாள். ஒவ்வொரு முறையும் பிடித்தார்கள், அடித்தார்கள். கடைசியில் ஒரு முடிவு செய்தார்கள்: பிள்ளைகள் இங்கே இருக்கட்டும், தாயை மட்டும் தொலைவில் ரியோ நெக்ரோப் பக்கத்து ஊர்களுக்கு அனுப்பிவிடலாம். அத்தாபாப்போவில் வள்ளம் போயிற்று. அவளை முன்பக்கம் இலேசாகக் கட்டி உட்கார வைத்திருந்தார்கள். எங்கே போகிறோம் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. ஆனால் சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பார்த்தே தன் வீட்டைவிட்டு விலகிப் போகிறோம் என்று அறிந்துகொண்டாள். கட்டை அறுத்துக்கொண்டு ஆற்றில் குதித்தாள். நீரோட்டம் அவளை ஒரு பாறையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. கரையேறிக் காட்டுக்குள் மறைந்தாள். தேடிப் பிடித்து மாலையில் கொண்டுவந்தார்கள். அந்தப் பாறையின்மேலேயே அவளைக் கிடத்தி அடித்தார்கள். அடித்த வார் கடற்பசுத் தோலால் ஆனது. மன்னார் வளைகுடாவில் நம்மவர் ஆவுளியா என்பார்களே, அதற்கு உறவான ஆற்று விலங்கின் தோல்.

பிறகு கைகளைப் பின்னால் கட்டி யாவிட்டாவில் கொண்டுபோய் ஒரு சத்திரத்தில் அடைத்தார்கள். மழைக்காலம், கும்மிருட்டு. இந்தக் காட்டை, இந்த வெள்ளத்தை யார் கடப்பார் என்று காவலும் தளர்ச்சியாக இருந்தது. அவள் கைகள் புண்ணாகியிருந்ததைக் கண்டு யாவிட்டா மக்கள் மேலதிகாரிகளுக்குத் தெரியாமல் கட்டைத் தளர்த்தியிருந்தார்கள். அந்த ஏழைகளின் இரக்கத்தையும் சேர்த்தே நாம் நினைவில் வைக்க வேண்டும். மீதியை அவள் பல்லால் கடித்து அறுத்தாள். இரவோடு இரவாகப் போய்விட்டாள்.

நான்காம் நாள் சூரிய உதயத்தில் சான் பெர்னாந்தோவில், தன் பிள்ளைகளை அடைத்து வைத்திருந்த குடிசையைச் சுற்றி அவள் நடந்துகொண்டிருந்ததைக் கண்டார்கள்.

எப்படி வந்தாள்? வானம் மூடிக்கிடந்த காலம், சூரியனை வைத்துத் திசை அறிய முடியாது. நீரோட்டத்தை வைத்து அறியலாமென்றால், பெருகிய ஆறு அவளைக் கரையை விட்டு வெகுதூரம் உள்ளே தள்ளியிருக்கும். அங்கே வெள்ளம் தேங்கி நிற்கும், ஓடாது. எத்தனை ஓடைகளை நீந்தினாள், எத்தனை முட்கொடிகளைப் பிய்த்தாள் என்பதற்குக் கணக்கு இல்லை. நான்கு நாளும் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டதற்கு, மரத்தில் ஊர்ந்த பெரிய கருப்பு எறும்புகளைத்தான் என்றாள்.

இதை ஹம்போல்ட்டுக்குச் சொன்னவரும் ஒரு குருதான். அவள் செய்ததை மிகத் திடமான ஆண்மகனும் செய்யத் துணியமாட்டான் என்று வியப்போடு சொன்னாராம். அப்படியானால் அவளைப் பிள்ளைகளோடு விட்டுவிட்டீர்களா என்று இவர் கேட்டபோது அவர் வாய் திறக்கவில்லை.

"யூபிலி மலரில் இதையெல்லாம் ஏன் எழுத வேண்டும் சாமி?" என்று சிலர் கேட்கக்கூடும். ஹம்போல்ட் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர், மிகைப்படுத்தியிருப்பார் என்றும் சொல்லக்கூடும். அவர் அக்குருக்களின் வீட்டில் தங்கி, அவர்கள் தந்ததை உண்டு, அவர்களுடைய உபசரிப்பைத் தம் நூலில் தாராளமாகப் பாராட்டியவர். பகைமையால் எழுதியவர் என்று அவரைத் தள்ளிவிட முடியாது. சட்டம் தெரியாமல் நடந்தது என்றும் சொல்ல முடியாது. பூர்வகுடிகளின் சுதந்தரத்தைப் பறிக்கலாகாது, விசுவாசிகள் அல்லாதவர்களாயினும் கூடாது என்று பாப்பரசர் மூன்றாம் பவுல் 1537-லேயே அறிவித்தார். 1741-ல் பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் இன்னும் திட்டமாகப் பேசினார். அவர்களை அடிமையாக்குவது மட்டுமல்ல, மனைவி மக்களிடமிருந்து பிரிப்பதும், சொந்த இடத்திலிருந்து வேறு இடத்துக்குக் கொண்டுபோவதும் சபைநீக்கத்துக்குரிய குற்றம் என்றார். நம் மதுரை மிஷனை அலைக்கழித்த மலபார் ரீதி வழக்கில் 1744-ல் தீர்ப்பு வழங்கிய அதே பாப்பரசர்தான். ஸ்பெயின் நாட்டுச் சட்டமும் அத்தகைய வேட்டைகளைத் தடுத்திருந்தது. ஓலை ரோமாபுரியிலிருந்து கிளம்பிவிட்டது. ஓரினோக்கோவில் அதை வாசிக்க வேண்டியவர் வள்ளத்தில் அமர்ந்திருந்தார். ஆன்மாக்களைச் சேர்க்கிறோம் என்ற நல்லெண்ணமே கண்ணை மறைத்தது என்பது என் எண்ணம். கெட்ட எண்ணத்தோடு வருகிறவனைவிட இப்படி வருகிறவனைத் தடுப்பது கடினம்.

பயணத்தைத் தொடர்வோம். யாவிட்டாவிலிருந்து அடுத்த ஆற்றுக்கு வள்ளத்தைத் தரை வழியே இழுத்துச் செல்ல வேண்டும். இருபத்துமூன்று பூர்வகுடிகள் மரக்கிளைகளை உருளைகளாகப் போட்டு, சேற்றில் வழுக்கி, நான்கு நாள் இழுத்தார்கள். மே 7-ல் ரியோ நெக்ரோ கரையில் சான் கார்லோஸ். மே 10-ல் காசிக்கியாரேயில் நுழைந்தார்கள். கருநீர் முடிந்து வெண்ணீர் வந்தது, கொசுவும் திரும்ப வந்தது. அங்கே கரை என்பதே தெரியாது, மதில் போலக் காடு. சுற்றிலும் மரம், ஆனால் எரிக்க விறகில்லை. எல்லாம் பச்சை மரம், எல்லாம் ஈரம். சமைக்க முடியாமல் கோக்கோக் கொட்டையைப் பச்சையாக மென்றார்கள். ஓர் ஊரில் எறும்பைப் புகையில் உலர்த்தி மரவள்ளி மாவோடு பிசைந்து உண்டார்கள். அதே பச்சாக்கோ எறும்பு இனம். அங்கிருந்த குரு அது அருமையான உணவு என்று வற்புறுத்த, ஹம்போல்ட் கொஞ்சம் உண்டு பார்த்தார். முகம் சுளிக்க வேண்டாம். முதல் மழைக்கு ஈசல் பிடித்து அரிசியோடு வறுத்துத் தின்ற கைகள் நம்மிடையே பல உண்டு.

மே 21-ல் கால்வாயைக் கடந்து ஓரினோக்கோவின் மேல்கரையில் எஸ்மெரால்டா என்ற சிற்றூரை அடைந்தார்கள். நட்சத்திரங்களைக் கொண்டு இடம் அளக்க வந்தவருக்கு இரவுகள் பெரும்பாலும் முகில் மூடியே இருந்தன. கிடைத்த சிறு இடைவெளிகளில் அளந்தார். ரொமான் சுவாமி 1744-ல் சொன்னது முற்றிலும் உண்மை என்று உலகம் ஒப்புக்கொண்டது. அதன்பின் நதி தானே அவர்களைக் கீழே கொண்டுவந்தது. எதிர்நீரில் ஏறிய அருவிகளில் இப்போது வெள்ளத்தோடு இறங்கினார்கள்.

அத்தூரெஸில் ஸேயா சுவாமி விடைபெற்று நின்றுவிட்டார். முழுப் பயணத்திலும் காய்ச்சல் அவரை விடவில்லை. அங்கோஸ்தூரா வரை போனால் மருந்து உண்டு, கோதுமை ரொட்டி உண்டு, கொசு குறைவு. அவர் போகவில்லை. ஐம்பது பேருக்கும் குறைவான அந்த ஊரும், அந்தப் பரணும்தான் அவருடைய பங்கு. தொழுமரத்தில் ஆளைப் பூட்டியதையும் இதையும் ஒருங்கே செய்த மனிதரை எந்தத் தராசில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

ஹம்போல்ட்டும் போன்ப்ளானும் ஜூன் 13-ல் அங்கோஸ்தூராவை அடைந்தார்கள். எழுபத்தைந்து நாளில் ஐந்து ஆறுகளில் ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். வந்து சேர்ந்ததும் இருவரும் காய்ச்சலில் விழுந்தார்கள். போன்ப்ளான் பிழைப்பாரா என்ற நிலை வந்து, பின் தேறினார்.

அந்தத் தாயைப் பற்றிய எஞ்சிய செய்தி ரியோ நெக்ரோவிலிருந்து திரும்பும் வழியில் அவர்களுக்குக் கிடைத்தது. அவளை மறுபடியும் பிள்ளைகளிடமிருந்து பிரித்து, மேல் ஓரினோக்கோவில் ஓர் ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே அவள் சோறு தண்ணீர் மறுத்து இறந்துபோனாள். பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பது ஹம்போல்ட்டின் ஏட்டில் இல்லை. அவள் பெயரும் இல்லை. பாறையை மட்டும் அவர் குறித்து வைத்தார். குவாஹிபோ மக்கள் இன்று தங்களை சிக்குவானி என்றும் ஹிவி என்றும் அழைத்துக்கொண்டு, கொலம்பியாவிலும் வெனிசுவேலாவிலும் அதே ஆறுகளை ஒட்டி வாழ்கிறார்கள். மரவள்ளி மாவு இடிக்கிறார்கள், மீன் பிடிக்கப் போகிறார்கள். ஏப்ரல் பிறந்தால் அத்தாபாப்போவில் வெள்ளம் ஏறத் தொடங்குகிறது.